ஊரார் வீட்டு நெய்

“ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே” என்று ஒரு பழமொழி நம்மிடம் உண்டு. பிறர் பொருளை வாரி இறைப்பவரைக் குத்திக்காட்டச் சொல்வார்கள். இதில் யார் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்தால் விசித்திரமாக இருக்கும். நெய் ஊராருடையது. அள்ளி ஊற்றும் கை பெண்டாட்டியுடையது. உட்கார்ந்து உண்கிறவன் கணவன். பழி சேர்வது கைக்கு மட்டும். உண்ட வாய் பழமொழிக்குள் வரவேயில்லை. சொல்வதே அந்த வாய்தான். தன்னை விட்டுவிட்டுச் சொல்லியிருக்கிறது.

பெண் கையில் காசு தங்காது, சேலைக்கும் நகைக்கும் போய்விடும், பெரிய காசை ஆம்பிளைதான் ஆள வேண்டும் என்ற பொதுப்புத்தி இந்தப் பழமொழிக்குப் பின்னால் இருக்கிறது. அந்தப் பொதுப்புத்திப்படியே நாடுகளின் திறைசேரிகளும் மத்திய வங்கிகளும் பெருநிறுவனங்களும் ஆண்களிடம் ஒப்படைக்கப்பட்டன. அவர்கள் ஊராருடைய நெய்யை என்ன செய்தார்கள் என்பதற்கு இலங்கையைவிடத் தெளிவான உதாரணம் அண்மைக் காலத்தில் எமக்கு வேண்டியதில்லை.

2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக இலங்கை அரசு அறிவித்தது. சுதந்திரத்திற்குப் பின் அப்படி நடந்தது அதுவே முதல் தடவை. பத்தொன்பது மாதங்களின் பின், 2023 நவம்பர் 14 அன்று, ஐந்து நீதியரசர்கள் அமர்ந்த உயர் நீதிமன்ற ஆயம் நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் ஒரு தீர்ப்பை வழங்கியது. முன்னாள் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ, முன்னாள் பிரதமர் மகிந்த ராஜபக்ஷ, முன்னாள் நிதியமைச்சர் பசில் ராஜபக்ஷ, மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் டபிள்யூ. டி. லக்ஷ்மன், அஜித் நிவாட் கப்ரால், ஜனாதிபதியின் செயலாளராயிருந்த பி. பி. ஜயசுந்தர, திறைசேரிச் செயலாளராயிருந்த எஸ். ஆர். ஆட்டிகல ஆகியோரும் நாணயச் சபையும் பொதுமக்கள் தங்கள்மீது வைத்த நம்பிக்கைப் பொறுப்பை மீறினார்கள், அரசியலமைப்பின் 12(1) உறுப்புரை தரும் அடிப்படை உரிமையை மீறினார்கள் என்று அது கூறியது.

ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம், பொருளாதாரத்தைக் குலைத்தவர்களைப் பெயர் சொல்லிச் சுட்டுவது அடிக்கடி நடப்பதல்ல. அந்த அளவில் இந்தத் தீர்ப்பு எமக்குப் பெரிய பேறு. ஆனால் ஒரு பெண்ணிலைவாதி அதை வாசிக்கும்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. அந்தத் துணிகர விளையாட்டுக்கு முதலாக வைக்கப்பட்டது யாருடைய பணம்? தோற்றபின் அதை யார் ஈடு செய்தார்கள்? தீர்ப்பு முதற் கேள்வியைத் தொட்டிருக்கிறது. இரண்டாவதற்கு நாம்தான் பதில் எழுத வேண்டியிருக்கிறது.

1. பணயம்

நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ஷ ஜனாதிபதியானார். முன்னாள் இராணுவ அதிகாரி, நினைத்ததைச் செய்து முடிப்பவர், தயங்காதவர் என்பதே அவருக்குக் கேட்கப்பட்ட வாக்கின் சாரம். பதவியேற்ற சில நாட்களிலேயே வரிக்குறைப்பு அறிவிக்கப்பட்டது. பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக்கப்பட்டது. அந்த வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய வியாபாரங்களின் வருடாந்தப் புரள்வு எல்லை 12 மில்லியன் ரூபாயிலிருந்து 300 மில்லியன் ரூபாயாக உயர்த்தப்பட்டது. சம்பளத்திலிருந்து மாதந்தோறும் கழிக்கும் வருமான வரியும் கைவிடப்பட்டது. இவற்றால் கையில் காசு மிஞ்சியது வரி கட்டுமளவுக்கு வருமானம் உள்ளவர்களுக்கும் பெரிய வியாபாரங்களுக்கும்தான். அரசுக்கு வரவேண்டிய பணமோ சரிந்தது. அதற்குமேல் கொரோனா வந்தது. 2020இல் கடன் தரப்படுத்தும் நிறுவனங்கள் இலங்கையைக் கீழிறக்க, வெளிச்சந்தையில் புதிதாகக் கடன் எடுக்கும் வழி அடைபட்டது.

ஒரு குடும்பம் இந்த இடத்தில் நின்றிருந்தால் என்ன செய்திருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். செலவைக் குறைக்கும், கடன்காரரிடம் போய்ப் பேசும், தவணை கேட்கும். அரசு அதைச் செய்யவில்லை. வரிக்குறைப்பை மாற்றவில்லை. சர்வதேச நாணய நிதியத்திடம் போவதைத் தள்ளிப்போட்டது. ஒரு டொலருக்கு 203 ரூபாய் என்ற விலையைப் பிடித்துவைத்து, அதைக் காப்பதற்குக் கையிருப்பு டொலர்களைக் கரைத்தது. 2019 இறுதியில் 7.6 பில்லியன் டொலராயிருந்த வெளிநாட்டு ஒதுக்கு 2022 மார்ச்சில் 2 பில்லியனுக்கும் கீழே போயிருந்தது. அதிலும் உடனே எடுத்துச் செலவழிக்கக்கூடியது 50 மில்லியன் டொலருக்கும் குறைவு என்று மே மாதம் நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார்.

இடையில் 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாகத் தடை செய்தார்கள். அந்தத் தடை வயலை மட்டும் பாதிக்கவில்லை. தேயிலையையும் பாதித்தது. தேயிலைக் கொழுந்து பறிப்பவர்கள் பெண்கள். எத்தனை கிலோ பறித்தாய் என்று நிறுத்துச் சம்பளம் கணக்கிடப்படும் தோட்டங்களில், கொழுந்து குறைந்தால் கூலி குறையும். ஒரு நாட்டின் விவசாயத்தை ஒரே போகத்தில் மாற்றிப் பார்க்கும் பரிசோதனையை ஆணையிட்டவர்களுக்கு அதனால் ஒரு நாள் சம்பளமும் குறையவில்லை.

பிரதிவாதிகளின் தரப்பில் நீதிமன்றத்தில் சொல்லப்பட்ட முக்கிய வாதம், இவை கொள்கைத் தீர்மானங்கள், நீதிமன்றம் தலையிட முடியாது என்பது. பெரும்பான்மைத் தீர்ப்பு அதை ஏற்கவில்லை. இந்த வாதம் எமக்குப் புதிதல்ல. எம் ஊர்களில், முக்கியமாகக் கிழக்கிலே, பாண்டிருப்பிலும் வேறிடங்களிலும் திரௌபதை அம்மனுக்குக் கோயில் இருக்கிறது. ஆண்டுதோறும் தீ மிதிக்கிறோம். அந்தத் திரௌபதை சபையிலே கேட்டது ஒரு சட்டக் கேள்வி. தன்னையே தோற்றுவிட்டவனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை இருந்தது என்பதே அது. சபையிலிருந்த பெரியவர்கள் தர்மம் நுட்பமானது என்று சொல்லித் தலை குனிந்திருந்தார்கள். கொள்கைத் தீர்மானம் என்பது எம் காலத்துத் தர்ம நுட்பம். திரௌபதையின் கதையில் நாம் பெரும்பாலும் துகிலையும் கூந்தலையும் நினைவில் வைத்திருக்கிறோம். சூதாட்டத்தைப் பற்றிய அவளது கேள்வியையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. திருதராட்டிரன் வரம் கொடுத்து, தோற்றதெல்லாம் திரும்பக் கிடைத்தபின், தருமன் மறுபடியும் போய்ச் சூதாட உட்கார்ந்தான்.

2. மானம்

2022 ஜனவரி 18 அன்று, தவணை முடிந்த சர்வதேச இறைமை முறிகளுக்காக அரசு 500 மில்லியன் டொலரைச் செலுத்தியது. அன்றைய உத்தியோகபூர்வ விலையில் அது 100 பில்லியன் ரூபாய்க்கும் மேல். நாட்டில் அப்போதே பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் வரிசை தொடங்கியிருந்தது. இறக்குமதிக்கு டொலர் இல்லாமல் கொள்கலன்கள் துறைமுகத்தில் நின்றன. செலுத்தாமல் கடன்காரரோடு பேசுங்கள் என்று பொருளியலாளர்கள் பலர் சொன்னார்கள். மத்திய வங்கி கேட்கவில்லை. இலங்கை ஒருபோதும் கடன் தவறியதில்லை, அந்தப் பெயரைக் காக்க வேண்டும் என்பதே சொல்லப்பட்ட நியாயம். நீதிமன்றம் தவறெனக் கண்ட தீர்மானங்களில் இதுவும் ஒன்று.

இந்த நியாயத்தை நாம் எங்கேயோ கேட்டிருக்கிறோம். போருக்குப் பின் வடக்கு, கிழக்கில் வீட்டு வாசல்களில் வந்து நின்ற நுண்கடன் கம்பனிகள் இதைத்தான் பெண்களிடம் சொல்லின. கணவனை இழந்தவர்கள், காணாமலாக்கப்பட்டவர்களின் மனைவிமார், தனித்துக் குடும்பம் நடத்துபவர்கள் என்று தேடிப் போய் அவர்களுக்குக் கடன் கொடுத்தார்கள். பிணையாக நிலமோ நகையோ கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்களைக் குழுவாகச் சேர்த்து ஒருத்திக்கு மற்றவளைப் பிணையாக்கினார்கள். கிழமைக்கு ஒருநாள் கடன்காரன் வருவான். காசு இல்லையென்றால் கட்டும்வரை முற்றத்தில் இருப்பான். தெருவெல்லாம் பார்க்கும். ஒருத்தி தவறினால் குழுவிலுள்ள மற்றவர்கள் அவளுக்கு எதிராகத் திரும்புவார்கள். அவளது மானமே கம்பனியின் ஈடு. முதற் கடனைக் கட்ட இரண்டாவது கடன், இரண்டாவதைக் கட்ட மூன்றாவது என்று போனது. 2018இல் இலங்கைக்கு வந்து ஆராய்ந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, கடன் அறவிடுவோர் பெண்கள்மீது செலுத்திய வன்முறையையும் பாலியல் சுரண்டலையும் தம் அறிக்கையில் பதிவு செய்தார். அதே ஆண்டு அரசு வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பு வைத்தது. வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு இலட்சம் ரூபாய்வரையான கடன்களைத் தள்ளவும் முன்வந்தது. அப்படியும் தீரவில்லை. 2021 மார்ச் 8ஆம் திகதி, பெண்கள் தினத்தன்று, பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் நுண்கடனாற் பாதிக்கப்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகத்தில் உட்கார்ந்தார்கள். வாரக்கணக்காக அங்கேயே இருந்தார்கள். அப்போது அவர்களுக்குச் சொல்லப்பட்டது, எடுத்த கடனைக் கட்டுவதுதானே முறை என்பது.

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரே மாதிரியான மானம், ஒரே மாதிரியான கடன்மேல் கடன். ஒரு பெண் பிள்ளையின் சாப்பாட்டைக் குறைத்துத் தவணை கட்டினால் அது கடன் ஒழுக்கம். கட்டமுடியாமற் போனால் பொறுப்பின்மை. அரசு இலட்சக்கணக்கான பிள்ளைகளின் சாப்பாட்டைக் குறைத்து முறிகாரருக்குக் கட்டினால் அது தேசத்தின் நற்பெயர். அந்தப் பெண் பணயம் வைத்தது தன் சோற்றை, தன் உடலை. ஆளுநர் பணயம் வைத்தது எங்களுடையதை. துணிச்சல் என்ற சொல் இந்த இரண்டு பேரில் யாருக்குக் கொடுக்கப்படுகிறது என்பதைக் கவனித்தால், அந்தச் சொல்லுக்கும் ஆண்மைக்கும் உள்ள உறவு விளங்கும்.

டொலர் விலையிலும் இதே கதைதான். வளைகுடா நாடுகளில் வீட்டுப் பணிப்பெண்களாக வேலை செய்யும் எம் பெண்கள் அனுப்பும் பணம் இலங்கையின் டொலர் வரவில் முக்கியமான பங்கு. 2021 இறுதியில் வங்கியில் டொலருக்கு 203 ரூபாய். வெளியில் உண்டியல்காரர் அதைவிட எவ்வளவோ கூடக் கொடுத்தார்கள். வங்கிக்கு அனுப்பினால் டொலருக்கு 10 ரூபாய் ஊக்கத்தொகை என்று டிசம்பரில் மத்திய வங்கி அறிவித்தது. பெண்களும் ஆண்களும் தம் உழைப்பின் உண்மையான விலையைத் தேடி உண்டியலுக்குப் போனார்கள். 2020இல் 7.1 பில்லியன் டொலராயிருந்த புலம்பெயர் தொழிலாளர் பணம் 2022இல் 3.8 பில்லியனாயிற்று. உண்டியலில் அனுப்புவது நாட்டுக்குச் செய்யும் துரோகம் என்று அப்போது புத்தி சொல்லப்பட்டது. பிறர் சமையலறையில் நின்று உழைத்த காசுக்கு நியாய விலை கேட்டவள் துரோகி. அந்த விலையைச் செயற்கையாகக் கீழே அமுக்கி வைத்தவர்கள் தேசப்பற்றாளர்.

3. அடுப்படி

2022 மார்ச்சில் பிடி விட்டதும் ரூபாய் விழுந்தது. மே மாதத்தில் டொலர் 360 ரூபாயைத் தொட்டது. தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்பது பல வருடப் போராட்டத்தின் பின் 2021இல்தான் வர்த்தமானியில் வந்தது. வந்தபோது அது 5 டொலர். ஓராண்டிலேயே 3 டொலரும் இல்லை. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டியிருந்தது. உணவுப் பொருட்களில் 95 சதவீதத்தை. பத்தில் மூன்று குடும்பங்களுக்குப் போதிய உணவுக்கு உத்தரவாதமில்லை என்று உலக உணவுத் திட்டம் அந்த ஆண்டு நடுப்பகுதியில் கணக்கிட்டது.

இந்த எண்கள் எப்படி ஒரு வீட்டுக்குள் வந்து இறங்கின என்பதே எம் அக்கறை. 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் வீடுகளில் எரிவாயு அடுப்புகளும் சிலிண்டர்களும் வெடிக்கத் தொடங்கின. நூற்றுக்கணக்கான சம்பவங்கள் பதிவாயின. பெண்கள் எரிகாயப்பட்டார்கள், இறந்தும் போனார்கள். சிலிண்டருக்குள் புரொப்பேன், பியூட்டேன் ஆகியவற்றின் விகிதம் மாற்றப்பட்டதே முக்கிய காரணம் என்று ஜனாதிபதி நியமித்த குழு சொன்னது. ஆபத்தை மேலிருந்து கீழே தள்ளிவிடுவது என்று பொருளியலில் பேசுகிறோமே, அது இந்த இடத்தில் உருவகமல்ல. கணக்கறையில் எடுத்த ஒரு தீர்மானம் அடுப்படியில் வெடித்தது.

பிறகு எரிவாயுவே இல்லாமற்போனது. மண்ணெண்ணெய்க்குப் போனார்கள், அதுவும் இல்லை. விறகுக்குப் போனார்கள். பெற்றோல் வரிசையில் பெரும்பாலும் ஆண்கள் நின்றார்கள். அந்தப் படங்கள் உலகமெங்கும் போயின. மண்ணெண்ணெய் வரிசையிலும் எரிவாயு வரிசையிலும் கைக்குழந்தைகளோடு பெண்கள் நின்றார்கள். வரிசை முடிந்து வீட்டுக்கு வந்தபின், மின்சாரம் இல்லாத நேரத்தில் அம்மியில் அரைப்பதும், கையால் துவைப்பதும், மூன்று வேளையை இரண்டு வேளையாக்குவதும், கடைசியாகத் தான் உண்பதும் யாருடைய வேலை? மாலைநேரப் பட்டியல்களில் இந்த மணித்தியாலங்கள் வரவில்லை. 13 மணித்தியால மின்வெட்டு என்று செய்தி வந்தது. அந்த 13 மணித்தியாலம் எத்தனை மணித்தியால வேலையைக் கூட்டியது என்று எங்கும் வரவில்லை.

பெண்ணிலைவாதப் பொருளியலாளர் டயன் எல்சன் 1980களிலிருந்து எழுதிவந்த ஒரு விடயம் இது. பொருளாதாரச் சீரமைப்புத் திட்டங்களைப் போடுகிறவர்கள், வீட்டுக்குள் பெண்கள் கூலியின்றிச் செய்யும் வேலையை எவ்வளவு இழுத்தாலும் அறாத ஒன்றாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று அவர் காட்டினார். அரசு கைவிடுவதையெல்லாம் அந்த வேலை தாங்கிக்கொள்ளும் என்ற எண்ணம் கணக்குக்குள் சொல்லாமலே இருக்கிறது. இலங்கையின் அந்நியச் செலாவணி ஒதுக்கு 2022இல் தீர்ந்தது. வேறொரு ஒதுக்கு தீரவில்லை. பெண்களின் பசி, தூக்கம், நேரம், காதிலும் கழுத்திலும் கிடந்த தங்கம் ஆகியவையே அது. அடகுக் கடைகளுக்குள் போன நகைகளில் தாலிக்கொடியும் இருந்தது. இந்த ஒதுக்கிலிருந்து எடுப்பதற்கு எந்த நாணயச் சபையும் தீர்மானம் நிறைவேற்ற வேண்டியிருக்கவில்லை.

இந்த இடத்தில்தான் தீர்ப்பின் எல்லை தெரிகிறது. அது பொதுநல வழக்கு. 12(1) உறுப்புரை, சட்டத்தின் முன் யாவரும் சமம் என்பது. பாதிக்கப்பட்ட தரப்பு ‘மக்கள்’ என்ற ஒரே திரளாக அங்கே நின்றது. எல்லோரும் பாதிக்கப்பட்டார்கள் என்பது உண்மை. எல்லோரும் ஒரே அளவில், ஒரே விதத்தில் பாதிக்கப்பட்டார்கள் என்பது உண்மையல்ல. டொலரில் சேமிப்பு வைத்திருந்தவனுக்கு அந்த ஆண்டு இலாபம். இழப்பீடு எதுவும் விதிக்கப்படவில்லை. மனுதாரர்களுக்கு வழக்குச் செலவாக 150,000 ரூபாய் என்றது நீதிமன்றம். மனுதாரர்கள் தங்களுக்கென இழப்பீடு கேட்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கேட்டிருந்தால் எதைக் கணக்காகக் காட்டியிருப்போம்? வரிசையில் நின்ற மணித்தியாலங்களுக்குப் பற்றுச்சீட்டு ஏது?

4. சேமலாபம்

பிறர் பணம் என்ற சொல்லுக்கு நேரடியான பொருள் தேடினால் ஊழியர் சேமலாப நிதியத்தைப் பார்க்கலாம். தொழிலாளியின் சம்பளத்தில் 8 சதவீதம், முதலாளி தரும் 12 சதவீதம் என மாதந்தோறும் சேரும் பணம் அது. ஆடைத் தொழிற்சாலைகளில் மெஷினுக்கு முன்னால் குனிந்திருக்கும் பெண்களின் பணமும், கொழுந்து பறிக்கும் பெண்களின் பணமும் அதில் இருக்கிறது. அதை நிர்வகிப்பது மத்திய வங்கி. எங்கே முதலிடுவது என்ற முடிவில் அந்தப் பெண்களுக்குச் சொல்லில்லை.

2015இல், வேறொரு அரசாங்கத்தின்கீழ், மத்திய வங்கி முறி விற்பனையில் நடந்த மோசடியில் ஒரு தனியார் நிறுவனம் கொள்ளை இலாபம் பார்த்தது. சேமலாப நிதியமும் பெரும் இழப்புக்குள்ளானது என்று ஜனாதிபதி ஆணைக்குழுவின் அறிக்கையை மேற்கோள் காட்டி அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அறிவித்தார். ஆகவே இது ஒரு குடும்பத்தின் குணக்கேடு மட்டுமில்லை. கட்சி மாறினாலும் நெய் அதே நெய்தான்.

2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது சுமையை யார் தாங்குவது என்ற கேள்வி வந்தது. வங்கிகளிடமிருந்த முறிகள் விடப்பட்டன. ஏற்கனவே வங்கிகள் நிறையத் தாங்கிவிட்டன, அவற்றைத் தொட்டால் நிதித்துறை ஆடிப்போகும் என்றார்கள். சேமலாப நிதியம் போன்ற ஓய்வுகால நிதியங்களின் முறிகள் தொடப்பட்டன. 2025வரை 12 சதவீதம், அதன்பின் 9 சதவீதம் என்ற வட்டிக்கு அவை மாற்றப்பட்டன. மறுத்தால் நிதியத்தின் வருமானத்தின்மீது வரி 14இலிருந்து 30 சதவீதமாகும். வங்கி ஆடிப்போனால் ஆபத்து என்று யோசித்தவர்களுக்கு, ஐம்பது வயதில் கண்பார்வையும் முதுகும் போய்த் தொழிற்சாலையை விட்டு வெளியேறும் ஒருத்தி ஆடிப்போவாள் என்று தோன்றவில்லை. அவள் ஆடிப்போனால் சத்தம் கேட்காது என்பதே காரணம்.

ஒருமுறை கேட்டது. 2011இல் தனியார்துறை ஓய்வூதியச் சட்டமூலம் ஒன்று வந்தபோது, தங்கள் சேமலாபப் பணத்தில் கை வைக்கிறார்கள் என்று கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத் தொழிலாளர்கள், பெரும்பாலும் இளம் பெண்கள், வீதிக்கு இறங்கினார்கள். பொலிஸ் சுட்டது. ஒரு இளம் தொழிலாளி இறந்தார். சட்டமூலம் விலக்கிக்கொள்ளப்பட்டது. நிதிமுகாமைத்துவம் படித்தவர்கள் கொண்டுவந்த திட்டத்திலிருந்த ஆபத்தை, பாடசாலைக் கல்வியோடு வேலைக்கு வந்த பெண்கள் உடனே விளங்கிக்கொண்டார்கள். தன் காசாயிருந்தால் விளங்கும்.

5. கையை மாற்றினால் போதுமா

2008இல் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் வங்கி விழுந்தபின் ஒரு பேச்சு உலகெங்கும் ஓடியது. அது லேமன் சிஸ்டர்ஸாக இருந்திருந்தால், சகோதரர்களுக்குப் பதில் சகோதரிகள் நடத்தியிருந்தால், விழுந்திருக்காது என்றார்கள். பின்னாளில் சர்வதேச நாணய நிதியத்தின் தலைவரான கிறிஸ்டின் லகார்ட் உட்படப் பலர் இதைச் சொன்னார்கள். பெண்கள் இயல்பிலேயே எச்சரிக்கையானவர்கள், ஆகவே இயக்குநர் சபைகளில் பெண்களைக் கூட்டுங்கள் என்பது அதன் சாரம்.

இதை நான் ஏற்கவில்லை. பெண்கள் எச்சரிக்கையாக இருப்பது இயல்பால் அல்ல. தவறு செய்தால் மன்னிக்கப்படாத இடத்தில் வாழ்பவர்கள் எச்சரிக்கையாகத்தான் இருப்பார்கள். அதே பெண்ணை, தவறின் விலை வேறொருவர் தலையில் விழும் இடத்தில் உட்காரவைத்தால் அவளும் துணிவாள். உலகின் முதற் பெண் பிரதமரை 1960இலேயே தெரிவு செய்த நாடு இது. 1994இலிருந்து பதினொரு ஆண்டுகள் ஒரு பெண் ஜனாதிபதியும் இருந்தார். அதனால் அடுப்படியின் கணக்கு திறைசேரிக் கணக்கில் ஏறிவிடவில்லை. நாடாளுமன்றத்தில் பெண்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை; 2020இல் 225 பேரில் 12 பெண்கள் மட்டும் இருந்தது வெட்கக்கேடு. ஆனால் ஊற்றும் கையை மாற்றுவது பற்றி மட்டும் பேசினால், நாம் அந்தப் பழமொழிக்குள்ளேயே நின்றுவிடுகிறோம். நெய்க்குச் சொந்தக்காரர் யார், அவரிடம் கேட்டார்களா, கொட்டினால் யார் திருப்பிக் கொடுப்பது என்பவைதான் கேள்விகள்.

இவற்றுக்குப் பதில் தேட வெளிநாடு போகத் தேவையில்லை. ஊரில் சீட்டுப் பிடிக்கும் பெண்ணைப் பாருங்கள். இருபது பேர், மாதம் ஐயாயிரம் ரூபாய். யாருக்கு எந்த மாதம் என்பது எல்லோருக்கும் முன்னால் முடிவாகும். யார் கட்டினார், யார் கட்டவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருத்தி கட்டாவிட்டால் சீட்டுப் பிடிப்பவள் தன் கையிலிருந்து போட்டு, அந்த மாதத்துக்காரியின் முழுத்தொகையைக் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் நகையை வைப்பாள். சீட்டுக்காசை விழுங்கிவிட்டு ஓடியவர்களும் உண்டு. சீட்டை நான் புனிதமாக்கவில்லை. ஆனால் ஓடியவளின் பெயர் பத்து வருடமானாலும் ஊரில் மறவாது, பொலிசும் தேடும். கோட்டாபய ராஜபக்ஷ 2022 ஜூலையில் நாட்டை விட்டுப் போய், செப்டெம்பரில் திரும்பி வந்தார். முன்னாள் ஜனாதிபதிக்குரிய வீடும் பாதுகாப்பும் அவருக்குக் கிடைத்தன. அந்தச் செலவும் எங்களுடையது.

தீர்ப்பு சொன்ன நம்பிக்கைப் பொறுப்பு என்ற கோட்பாட்டைச் சட்டப் புத்தகத்திலிருந்து படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் இந்தப் பெண்கள் இல்லை. இருபது வீட்டுக் காசைக் கொப்பியில் எழுதி, இரவில் தலையணைக்குக் கீழே வைத்துப் படுப்பவளுக்கு அது தெரியும்.

அந்தக் கொப்பியின் முறையை மேலே கொண்டுபோவது முடியாத காரியமல்ல. சேமலாப நிதியத்தின் முதலீட்டை முடிவு செய்யும் மேசையில் அதில் பணம் போட்டவர்கள், ஆடைத் தொழிலாளிகளும் தோட்டத் தொழிலாளிகளும், வாக்குரிமையோடு உட்கார வேண்டும். ஒரு வரிக்குறைப்போ கடன் சீரமைப்போ வருமுன், அது வீட்டுக்குள் யாருடைய தலையில் எவ்வளவு ஏறும் என்று கணக்கிட்டு வெளியிட வேண்டும். நம்பிக்கைப் பொறுப்பை மீறினார் என்று நீதிமன்றம் கண்டபின், அரச செலவில் வரும் சலுகைகள் நிற்க வேண்டும். நுண்கடனுக்குப் பெண்ணின் முற்றத்தில் போய் உட்காரலாமென்றால், இதையும் கேட்கலாம்.

2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 சதவீதம். 2019இல் 15ஆக இருந்ததை 8ஆக்கிக் காட்டிய தாராளத்தின் மிச்சத் தவணையைக் கடைக்குப் போகும் ஒவ்வொருத்தியும் இப்போது கட்டிக்கொண்டிருக்கிறாள். 2019இல் குறைத்தபோது அவளிடம் யாரும் கேட்கவில்லை. கூட்டியபோதும் கேட்கவில்லை.